தலைப்பு வராத பக்கத்தில் ஒரு கையெழுத்து

ஆறுமாசம் என்ற பேரை முதன்முதலில் கேட்ட நாள் நேற்றுப்போல் இருக்கிறது. அக்கா போனில் கூப்பிட்டாள். அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை, பெரியப்பாவின் மூத்த மகள். ஒரே தட்டில் தின்று ஒரே பாயில் புரண்டு வளர்ந்ததால் அந்தக் கணக்கையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. அக்காவின் மகன் லிஃப்ட் மெக்கானிக். அவன் ஒரு பெண்ணை விரும்புகிறானாம். பல்கலைக்கழகத்தில் பத்திரிகைப் படிப்புக்குப் பாடம் எடுக்கிறாளாம்.

"வேலை நிரந்தரமா?" எங்கள் குடும்பத்தில் யாரைப் பற்றிப் பேச்சு எடுத்தாலும் முதல் கேள்வி இதுதான்.

"ஆறு மாசமாம்டி," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

பக்கத்து நாற்காலியில் சாய்ந்து, ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் படக்கென்று நிமிர்ந்தார். "பொண்ணு ஆறு மாசமா? அப்புறம் என்ன ஆற அமரப் பேசிக்கிட்டு இருக்கீங்க? சட்டுபுட்டுனு கல்யாணத்தை முடிங்க!"

அக்காவுக்கு ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. அப்புறம் போனில் அவள் சிரித்த சிரிப்புக்கு எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்த்திருப்பாள். பெண் வீட்டுக்கு வருமுன் பேர் வந்து உட்கார்ந்துவிட்டது. அக்காவின் மூத்த மகள், அந்தப் பெண்ணுக்கு நாத்தனார், அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். கல்யாணத்தன்றே, "என்ன ஆறுமாசம், எங்க தம்பிகூடயாவது நிரந்தரமா இருப்பியா?" என்று கேட்டாள். பெண் முகம் சுளிக்கவில்லை. "முதல்ல ஆறு மாசம் பார்க்கறேன் அண்ணி. சரியா வந்தா நீட்டிக்கறேன்," என்றாள். இவள் நம்ம ஆள்தான் என்று அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவளுடைய வேலை ஒரு விசித்திரமான வேலை. இதழியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். செய்தி எழுதுவது எப்படி, தலைப்பு வைப்பது எப்படி, வானொலியில் பேசுவது எப்படி என்று கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு மாசப் பருவம் முடிந்த அன்று மேசையைக் காலி செய்து, அறைச் சாவியையும் அடையாள அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். சில நாள் கழித்துப் புது உத்தரவு வரும். அவளே போவாள், அதே மேசை, அதே சாவி, புது அட்டை. நடுவில் அந்தச் சில நாள் இடைவெளி எதற்கென்றால், தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு யாரும் உரிமை கேட்டுவிடக் கூடாதாம். ஒவ்வொரு அட்டைக்கும் புதிதாகப் படம் எடுப்பார்கள். ஒன்றில் மெலிந்திருப்பாள், ஒன்றில் பூரித்திருப்பாள். பெண் குழந்தைகூட அந்த இடைவெளி பார்த்துத்தான் பிறந்தது. "வகுப்பைக் கெடுக்காத குழந்தை," என்று மாணவர்கள் பாராட்டினார்களாம்.

இப்படி எட்டு வருஷம் ஓடிற்று. துறையில் நிரந்தர இடம் ஒன்று காலியாகத்தான் கிடந்தது. பந்தியில் இலை போட்டுவிட்டுச் சோறு போடாத கதையாக, அதை நிரப்புவோம் நிரப்புவோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வருஷம் நிஜமாகவே விளம்பரம் வந்துவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சான்றிதழ்களைத் தேடி எடுத்து, நகல் போட்டு, கட்டுரைகளைத் தொகுத்துக் கட்டி முடிப்பதற்குள் கடைசி நாள் வந்துவிட்டது.

அந்தக் கடைசி நாள் ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை என்றால் அவளுடைய துறையில் வேறு எந்த வேலையும் ஓடாது. மாணவர்கள் வாரம் ஒரு பயிற்சி இதழ் போடுவார்கள். நான்கு பக்கம். வியாழன் மாலை அச்சுக்குப் போய், வெள்ளி காலை வாசலில் இருக்கிற பெட்டியில் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். கணினி அறையில் அன்று பேச்சும் சத்தமும் தேநீர்க் கோப்பையுமாக ஒரே அமளி. இதழுக்கு ஆசிரியை ஒரு மாணவி. குடும்பத்தில் மூத்த மருமகள் மாதிரி எல்லோரையும் விரட்டிக்கொண்டிருப்பாள். பக்கம் அமைப்பவன் ஒரு மாணவன். கணினி மவுஸை விட்டுக் கை எடுக்க மாட்டான் என்பதால் எலி என்று பேர்.

பக்கம் அமைப்பதில் ஒரு வழக்கம் உண்டு. தலைப்பு இன்னும் எழுதி வராவிட்டால், அந்த இடத்தை வெறுமனே விட முடியாது. எத்தனை எழுத்து பிடிக்கும், எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று பார்க்க ஏதாவது ஒன்றைச் சும்மா தட்டி வைப்பார்கள். அதற்கு டம்மி என்று பேர். சரியான தலைப்பு வந்ததும் டம்மியைத் தூக்கிவிடுவார்கள். மற்றவர்கள் 'தலைப்பு தலைப்பு தலைப்பு' என்று தட்டுவார்கள். எலிக்கு அது பிடிக்காது. 'கேண்டீனில் இனி தேநீர் இலவசம்', 'தேர்வுகள் அடியோடு ஒழிப்பு' என்று மனசில் இருக்கிற ஆசையை எல்லாம் தட்டி வைப்பான். அறையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

அன்று முதல் பக்கத்துச் செய்தி, மாணவர் விடுதியில் வருஷக்கணக்காக ஒழுகிய குழாயை மாற்றியது பற்றி. அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். மூன்றாம் பத்தியில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். மேலே தலைப்புக்கான இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"தலைப்பு எங்கடா?"

"வைக்கறோம் மேடம். நீங்க கையெழுத்து போடுங்க. அலுவலகம் மூடிடுவாங்க," என்றான் எலி.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கையிடுக்கில் விண்ணப்பக் கட்டு. தலைப்பு வராத பக்கத்துக்கு ஒப்புதல் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறவள் அவள்தான். 'விடுதிக் குழாய் மாற்றம்னு வை' என்று சொல்லிவிட்டு, நின்ற வாக்கிலேயே கையெழுத்தைப் போட்டு, தலைதெறிக்க ஓடினாள். அலுவலகத்து எழுத்தர் கதவைச் சாத்தப்போகும்போது கட்டை அவர் கையில் திணித்தாள்.

"எட்டு வருஷமா வர்றீங்க, கடைசி நிமிஷத்துலதான் வருவீங்களா?" என்றார் அவர்.

"எட்டு வருஷமா கூப்பிடாம இருந்தது நீங்கதானே சார்?"

மறுநாள் காலை பல்கலைக்கழக வாசலில் காவலாளி எழுந்து நின்று சல்யூட் அடித்தார். அவளுக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"மேடம், இனிப்பு எப்போ?"

"என்ன விசேஷம் அண்ணே? உங்க பொண்ணுக்கு ஏதாவது..."

"விளையாடாதீங்க மேடம்!"

கேண்டீன்காரர் காசு வாங்க மறுத்தார். நூலகத்து அம்மா ஓடிவந்து கட்டிக்கொண்டார். பொருளாதாரத் துறையில் ஒரு பேராசிரியர் இருக்கிறார். இத்தனை வருஷத்தில் ஒருநாள் தலையசைத்ததில்லை. அவர் நின்று கைகுலுக்கினார். மாடிப்படி ஏறிப் போனால், கணினி அறையில் மாணவர்கள் துக்க வீடு மாதிரி சுவரோரம் நின்றிருந்தார்கள். எலியின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆசிரியை இதழை நீட்டினாள்.

முதல் பக்கத்தில், கட்டை விரல் உயரத்துக்கு எழுத்து:

'இதழியல் விரிவுரையாளர் நிரந்தரமானார்!'

அதன்கீழ் செய்தி: 'பல ஆண்டுகளாகத் தற்காலிகமாக ஒட்டுப்போட்டுச் சமாளிக்கப்பட்டு வந்த நிலைக்கு நேற்று முடிவு வந்தது. மாணவர்கள் தொடர்ந்து புகார் அளித்ததை அடுத்து நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. இனி எந்தக் கசிவும் இருக்காது என்று பொறியாளர் உறுதி கூறினார்...'

அவள் ஒருமுறை படித்தாள். மறுமுறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "கசிவு இருக்காதாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாணவர்களுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. எலி மட்டும் விம்மினான்.

"ரெண்டு கோப்பு இருந்துச்சு மேடம். சரியான தலைப்பு வெச்சது ஒண்ணு. டம்மி இருந்த பழசு ஒண்ணு. அச்சகத்துக்குப் பழசை அனுப்பிட்டேன். அந்தத் தலைப்பு... இடத்துக்கு அளவெடுத்தது மாதிரி இருந்துச்சு மேடம். நீங்க ஓடினப்புறம் அளவு பார்க்க அதைத்தான் தட்டினேன்."

"தேநீர் இலவசம்னு தட்டியிருந்தா கேண்டீன்காரர் உன்னைத் தொலைச்சிருப்பார். போகட்டும், விடு," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைத் தொலைபேசி அடித்தது. பதிவாளர் வரச் சொல்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

பதிவாளர் கோபக்காரர் இல்லை, பயந்தவர். பயந்தவருடைய கோபம் இன்னும் மோசம். இதழ் அவர் மேசையில் விரித்துக் கிடந்தது.

"நேர்காணலே நடக்கல. அதுக்குள்ள நிரந்தரமா? இந்தப் பக்கம் படமா எல்லா போனுக்கும் போயிருக்கு. காலையிலேர்ந்து மூணு விண்ணப்பதாரர் போன் பண்ணிட்டாங்க. ஆளை முடிவு பண்ணிட்டு எங்களை எதுக்குக் கூப்பிடறீங்கன்னு கேட்கறாங்க. ஒருத்தர் எழுத்துலயே புகார் கொடுத்துட்டார். தேர்வையே ரத்து பண்ணச் சொல்றாங்க."

"தப்பு சார். அச்சுல வந்த தப்பு."

"தப்புன்னு எனக்குத் தெரியுது. குழாயைப் பத்திப் படிச்சேன்." அவர் உதடு ஒரு நொடி துடித்தது, உடனே இறுகிக்கொண்டது. "ஒரு வழி இருக்கு. பக்கம் போட்ட பையன் வேணும்னே விஷமம் பண்ணிட்டான்னு எழுதிக் கொடுங்க. அவனை ஒரு பருவம் நிறுத்தி வைப்போம். உங்களுக்குச் சம்பந்தமே இல்லைன்னு ஆயிடும். விண்ணப்பம் பிழைச்சுக்கும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி உங்க பேரையே தள்ளி வைக்கணும்னு குழுவுல சொல்லுவாங்க. நான் தடுக்க முடியாது."

அவள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வாசலில் காவலாளி யாரிடமோ இதழைக் காட்டிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம் காத்த இடம். இது போனால் மறுபடி எந்த யுகத்தில் விளம்பரம் வருமோ. எலி ஒரு பருவம் வீட்டில் இருந்தால் குடியா முழுகிவிடும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. வந்ததை அவள் பின்னால் வீட்டில் மறைக்காமல் சொன்னாள்.

"பக்கத்துல யார் கையெழுத்து சார் இருக்கு?" என்று கேட்டாள்.

"உங்களுது."

"அப்போ தப்பும் என்னுது. அடுத்த வெள்ளிக்கிழமை திருத்தம் போடறோம். அதே பக்கம், அதே இடம், அதே அளவு எழுத்து."

"அதை அந்தக் குழு படிக்கும்மா!"

"படிக்கட்டும் சார். படிக்கத்தானே போடறோம்?"

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே செருப்புக் கூட்டம். நாத்தனாரின் மகள் அதே பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறாள். அவள் காலையில் தலைப்பைப் படம் பிடித்துப் பாட்டிக்கு அனுப்ப, அக்கா அதை உலகத்துக்கே அனுப்பிவிட்டாள். கூடத்தில் காலடி வைக்க இடமில்லை. பெரியப்பா வழி, சித்தி வழி, சம்பந்தி வழி என்று எல்லாக் கிளையும் வந்திருந்தது. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பங்காளிகள் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். நடு மேசையில் ஒரு கேக். அதன்மேல் கிரீமில் 'நிரந்தரம்' என்று எழுதி, முதல் வெட்டில் 'நிர' போய்விட்டிருந்தது. நாத்தனார்தான் வாங்கி வந்தவள்.

"வாடி, என் தம்பி பொண்டாட்டி! இனிமே உனக்கு வேற பேர்தான் தேடணும்!"

அக்கா பேத்தி கொண்டுவந்த இதழைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகத் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தாள். "எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கான். 'ஒட்டுப்போட்டுச் சமாளிச்சாங்க'ன்னு போட்டிருக்கான். உண்மைதானே, அதுல தப்பில்ல. ஆனா பொறியாளர் எதுக்கும்மா நடுவுல வர்றார்?"

அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். "அத்தே, அது குழாய்."

"எது?"

"அந்தச் செய்தி விடுதிக் குழாயைப் பத்தினது. மேல இருக்கற தலைப்பு தப்பா வந்துடுச்சு. எனக்கு வேலை கிடைக்கல. நேர்காணலே இன்னும் நடக்கல. இனி நடக்குமான்னும் தெரியல."

சோபாவில் இருந்த பங்காளிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாத்தனார் வாயில் வைத்த கேக்கை விழுங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் கன்னம் உப்பி நின்றாள். லிஃப்ட் மெக்கானிக் மட்டும் பெண்டாட்டியின் கையிலிருந்து பையை வாங்கினான். "நடு மாடியில நின்னுடுச்சு, அவ்வளவுதான். கீழ விழலயே," என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அக்கா இதழை மடித்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"வெட்டின கேக்கை ஒட்டவா முடியும்?" என்றாள் அக்கா. "வந்தது வந்தாச்சு. உட்காருங்க. குழாய் சரியானதுக்குச் சாப்பிடுவோம். பாவம், அந்தப் பிள்ளைங்க எத்தனை வருஷமா ஈரத்துல நடந்துச்சுங்களோ."

சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. யாரும் கிளம்பவில்லை. மிச்ச எழுத்துகளையும் தின்றார்கள். பதிவாளர் அறையில் நடந்ததை அவள் சொன்னதும், நாத்தனார் கேக்கை விழுங்கிவிட்டு, "பையன் மேல எழுதிக் கொடுத்திருக்கலாமில்ல?" என்று கேட்டாள். அவள் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "உன் பொண்ணு நாளைக்கு அங்க ஏதாவது குடுவையை உடைச்சா, வாத்தியாரம்மா தப்பிச்சுக்கறதுக்கு அவளை மாட்டிவிடலாமா?" நாத்தனார் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கொண்டாட்டம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஒன்றும் கிடைக்காததற்கு நடந்த கொண்டாட்டம்.

அடுத்த வியாழக்கிழமை திருத்தம் எழுதும் வேலை. வகுப்பு முழுக்க ஒரு மேசையைச் சுற்றி நின்றது. ஆசிரியை எழுதியதை வாசித்தாள்: "'சென்ற வாரம் முதல் பக்கத்தில் இதழியல் விரிவுரையாளர் நிரந்தரமானார் என்று தலைப்பு வந்தது. அது தவறு. அவர் தற்காலிக விரிவுரையாளர். நிரந்தர இடத்துக்கு இன்னும் யாரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. அவர் விரைவில் நிரந்தரமாவார் என்று நம்புகிறோம்.'"

"கடைசி வரியை வெட்டு," என்றாள் அவள்.

"ஏன் மேடம்? நிஜமாவே நம்பறோம்!"

"நம்பிக்கையெல்லாம் செய்தி இல்ல. தப்பு எப்படி நடந்துச்சுன்னு எழுதலையே. அதை எழுது."

எலி முன்னால் வந்தான். "என் பேரைப் போடுங்க மேடம். தட்டினது நான்தானே."

"நீ தட்டினதுக்கு உன்னை ஒரு மாசம் மத்த எல்லாருக்கும் தேநீர் வாங்கித் தரச் சொல்லியாச்சு. பத்திரிகைக்குள்ள நடந்த தப்பு உள்ளயே இருக்கட்டும். வெளிய போன தப்பு, போகலாம்னு சொன்னவளோடது." பேனாவை வாங்கித் தானே எழுதினாள்: 'தலைப்பு வராத பக்கத்துக்கு விரிவுரையாளர் ஒப்புதல் அளித்ததே இதற்குக் காரணம். விடுதிக் குழாய் மாற்றப்பட்டது மட்டும் உண்மை.'

"மேடம், உங்களுக்கு வேலை இல்லைன்னு இவ்வளவு பெரிய எழுத்துல நாங்களே போடணுமா?" என்று ஒருத்தி கண் கலங்கினாள்.

"நிரந்தரம்னு போட்டப்ப எழுத்து பெருசா இருந்துச்சில்ல? அப்போ யாராவது அழுதீங்களா?"

அந்த இதழ் வாசல் பெட்டியில் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை. காவலாளி ஒரு கட்டைத் தனியாக எடுத்து ஒளித்துவைத்து, கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்தாராம். தெரியாதவர்களெல்லாம் துறையைத் தேடி வந்து, "அந்தக் குழாய் இதழ் இருக்கா?" என்று கேட்டார்கள். பொருளாதாரப் பேராசிரியர் மறுபடி நின்றார். மறுபடி கைகுலுக்கினார்.

பதிவாளர் அந்தத் திருத்தத்தைப் புகார் கொடுத்தவருக்கு அனுப்பி வைத்தார். மூன்று நாள் கழித்து நேர்காணலுக்கு அழைத்தவர்களின் பட்டியல் வந்தது. அவள் பேரும் இருந்தது. ஆனால் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டிருப்பதாக எழுத்தர் காதோடு சொன்னார். நல்லதற்கா கெட்டதற்கா என்று அவருக்கும் தெரியாது.

நேர்காணல் அன்று வெளி அறையில் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் ஒல்லியாக, சட்டைப்பையில் நாலு பேனாவோடு இருந்தார். இன்னொரு பல்கலைக்கழகத்தில் அவரும் ஆறு மாசம் ஆறு மாசமாகவே ஓட்டுகிறவராம். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"நீங்கதானா அந்தக் குழாய்?"

"நானேதான்."

"நான்தாங்க புகார் கொடுத்தது."

அவள் திரும்பி அவரை நன்றாகப் பார்த்தாள். "கொடுக்க வேண்டியதுதானே. நானா இருந்தா ரெண்டு புகார் கொடுத்திருப்பேன்."

அவர் பையைத் திறந்து பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினார். இரண்டு பேரும் தின்றுகொண்டே, யார் எத்தனை அடையாள அட்டை வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். அவரிடம் இரண்டு அதிகம். "நீங்க ஜெயிச்சுட்டீங்க," என்றாள் அவள். "இதுலயாவது," என்றார் அவர்.

உள்ளே ஐந்து பேர். நடுவில் வெளியிலிருந்து வந்த ஒரு அம்மா, ஒரு நாளிதழில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தலை முழுக்க வெள்ளை. மற்ற நாலு பேரும் பாடம், ஆய்வு, கட்டுரை என்று கேட்டு முடித்தார்கள். அந்த அம்மா இரண்டு இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"எட்டு வருஷத்துல நீங்க பண்ணின தப்பு இது ஒண்ணுதானா?"

"இல்லைங்க. அச்சுல வந்தது இது ஒண்ணு."

"தலைப்பு இல்லாத பக்கத்துல ஏன் கையெழுத்து போட்டீங்க? வகுப்புல அப்படியா சொல்லிக்கொடுக்கறீங்க?"

"போடக் கூடாதுன்னுதான் சொல்லிக்கொடுக்கறேன். அன்னிக்கு இந்த வேலைக்கு விண்ணப்பம் கொடுக்க ஓடினேன். அலுவலகத்தை மூடற நேரம்."

ஓரத்தில் இருந்தவர் இருமினார். பதிவாளர் மேசைக்குக் கீழே எதையோ தேடினார். அந்த அம்மா மட்டும் சிரிக்காமல் கேட்டார். "இப்போ நாங்க இந்த வேலையைக் கொடுத்தா, அடுத்த வாரம் முதல் பக்கத்துல போடுவீங்களா?"

"அதை நான் முடிவு பண்ண முடியாதுங்க. பிள்ளைங்கதான் முடிவு பண்ணணும். எனக்கு அதுல சம்பந்தம் இருக்கு."

அந்த அம்மா இதழ்களை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இது ரெண்டும் எனக்கு வேணும்," என்றார். அவ்வளவுதான். போகலாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கப்புறம் உத்தரவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் வேலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா உத்தரவே போட்டிருந்தாள். ஆனாலும் தபால்காரர் தெருமுனை திரும்பினால் அவளே முதலில் வாசலில் நிற்பாள். ஒருநாள் உறை வந்தது. ஆறுமாசம் அதைப் பிரித்து, படித்து, உட்கார்ந்து, மறுபடி படித்தாள்.

"அத்தே, கிடைச்சுடுச்சு."

அக்கா அசையவில்லை. "அச்சுல வந்ததையே பொய்னு சொன்னவ நீ. முத்திரை இருக்கா பாரு."

முத்திரை இருந்தது. லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்து, எண்ணெய்க் கையோடு பெண்டாட்டியைத் தூக்கிவிட்டான். குழந்தை என்னையும் தூக்கு என்று காலைக் கட்டிக்கொண்டது. நாத்தனார் போனில், "கேக்குல இந்த வாட்டி என்ன எழுதறது? சரியா சொல்லு, அப்புறம் மாத்தாதே," என்று கேட்டாள். அப்போதுதான் மருமகள் உத்தரவின் இரண்டாம் பத்தியைச் சத்தமாக வாசித்தாள். முதல் இரண்டு வருஷம் தகுதிகாண் பருவம். அது நல்லபடியாக முடிந்த பிறகுதான் நிரந்தரம்.

"அப்படின்னா இன்னும் நிரந்தரம் இல்லையா?" என்றாள் அக்கா.

"கிடைச்சுது, ஆனா இன்னும் ஆகல அத்தே."

"என்னம்மா இது, கல்யாணம் ஆச்சு, ஆனா ஆகலங்கற மாதிரி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் கண் ததும்பிவிட்டது. நாத்தனார் கேக்கில் ஒன்றும் எழுதாமல், ஒரு பூவை மட்டும் வரையச் சொல்லி வாங்கி வந்தாள்.

மாணவர்களிடம் சொன்னபோது யாரும் குதிக்கவில்லை. ஆசிரியை பேனாவைத் திறந்தாள். "உத்தரவைக் காட்டுங்க மேடம்." காட்டினாள். நகல் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவள் கண் முன்னாலேயே அந்தப் பெண் பதிவாளருக்குப் போன் போட்டாள்.

"பயிற்சி இதழ்லேர்ந்து பேசறோம் சார். இந்த நியமனத்தை உறுதிப்படுத்தணும்."

"உங்க மேடம்கிட்டயே உத்தரவு இருக்கேம்மா?"

"அவங்க சம்பந்தப்பட்டவங்க சார். அவங்க சொல்றதை மட்டும் வெச்சுப் போட முடியாது."

அந்தப் பக்கம் பதிவாளர் வாய்விட்டுச் சிரித்தது அறை முழுக்கக் கேட்டது. உண்மைதான் என்று உறுதி சொன்னார். எலி அதற்குள் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். தலைப்புக்கான இடம் காலியாக இருந்தது. அதில் அவன் எதையும் தட்டவில்லை.

"முதல் பக்கமா?" என்று அவள் கேட்டாள், கேட்கக் கூடாது என்று தெரிந்தும்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒருத்தருக்கு வேலை கிடைச்சிருக்கு. அதுவும் தகுதிகாண் பருவம். மூணாம் பக்கம், ஒரு பத்தி மேடம்," என்றாள் ஆசிரியை. "முதல் பக்கம் நூலக நேரத்துக்கு. எல்லாருக்கும் வேண்டியது அதுதான்."

அவளுக்கு ஒரு துளி வருத்தம் இருந்தது. அதைவிடப் பல மடங்கு சந்தோஷம். மூன்றாம் பக்கத்துக் கீழ் மூலையில் வந்த அந்த ஒரு பத்தியில் ஒரு பிழை இல்லை. அக்கா அதை வெட்டி வைத்திருக்கிறாள்.

புகார் கொடுத்த நாலு பேனாக்காரருக்கு அடுத்த வருஷம் அவருடைய ஊரிலேயே இடம் கிடைத்தது. அவர் போன் போட்டுச் சொன்னார்.

இப்போது அவள் அதே துறையில், இரண்டாம் மாடியில் படிக்கட்டை ஒட்டிய அறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறாள். தகுதிகாண் பருவம் முடிய இன்னும் கொஞ்ச மாதங்கள் இருக்கின்றன.